நகைக்கும் துப்பாக்கியும் நாட்டுத் துப்பாக்கியும்

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். அச்சத்தையும் அவ்வெட்டனுள் ஒன்றாக எண்ணினார். பிறரை எள்ளுவதனாலும் அறியாமையாலும் நகை பிறக்கும் என்றும், விலங்கு, கள்வர், அரசன் முதலியோரால் அச்சம் பிறக்கும் என்றும் அவர் இவ்விரண்டிற்கும் வேறு வேறு நிலைக்களன்கள் காட்டினார். இக்காலத்துப் படக்காட்சியாளரோ, அவ்விரண்டையும் ஒரே கலத்திற் பெய்து கலக்கக் கற்றனர். ரவுடிக் கூட்டத்தை வைத்து நகைச்சுவைப் படம் எடுத்தல் இன்று பெருவழக்காயிற்று. அப்படங்களுள் முதன்மையான கருவி துப்பாக்கி. கதை முற்காலத்ததாயின் துப்பாக்கியும் முற்காலத்ததாதல் வேண்டும். அதனை எங்ஙனம் காட்டுதல் தகும் என்பதைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

இவ்வகைக்கு அண்மைச் சான்று, கார்த்திக் சுப்பராஜ் இயக்கி 2023-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் வெளிவந்த 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' என்னும் படமாகும். கதை நிகழ்வது 1970-களில். ராகவா லாரன்ஸ் நடித்த மதுரை ரவுடி, அமெரிக்க நடிகர் கிளிண்ட் ஈஸ்ட்வுட்டின் அடியவன். அவனைக் கொல்ல வந்தவனாகிய எஸ்.ஜே. சூர்யா, பட இயக்குநர் வேடம் பூண்டு, கையிற் கேமராவும் நெஞ்சிற் கொலையுமாக வருகின்றான். முற்பகுதியிற் கொட்டகை முழுதும் நகைக்கின்றது. பிற்பகுதி மலைக்காட்டுக்குச் செல்கின்றது. ஆங்குத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று. காவலர் குண்டுக்கு மலைமக்கள் இரையாக, கேமரா அதனைப் பதிவு செய்கின்றது. நகைத்த வாய் தானே அடைபடுகின்றது. துப்பாக்கியை வைத்து நகைக்கச் செய்தவர், அதன் விலையையும் காட்டினர். இவ்வொழுங்கினை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

நிற்க. பழைய துப்பாக்கி ஒவ்வொன்றிற்கும் தனித்தனி இயல்பு உண்டு. அக்காலத்துக் காவலர் தோளிற் கிடந்த .303 ரைபிள், அறையிற் 10 தோட்டாக்கள் கொள்ளும். எனினும் ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் தாழினைப் பின்னிழுத்து முன்தள்ளினாலன்றி அடுத்த தோட்டா ஏறாது. சுழல் துப்பாக்கி பெரும்பாலும் ஆறு முறை சுடும். நாட்டுத் துப்பாக்கியோ ஒரே முறை சுடும். குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, நாரோ கந்தைத் துணியோ வைத்துக் கம்பியால் இடித்து, ஈயக் குண்டுகளை இட்டு, மீண்டும் இடித்து, தீப்பொறி எழுப்பும் கேப்பினைப் பொருத்திய பின்னரே அது மறுமுறை முழங்கும். அதற்குள் எதிரி நடந்தே வந்து கையைப் பிடித்துக் கொள்ளலாம். வீறு பேசிய ரவுடி, ஒரு குண்டினை வீணாக்கிவிட்டு, வியர்வை வழிய மருந்திடித்து நிற்பதினும் நகைக்கத்தக்கது வேறு யாதுளது? உண்மையே இத்துணை நகைச்சுவையைத் தன்னுட் கொண்டிருப்ப, நாட்டுத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கி போல ஓயாது முழங்கச் செய்தல், கையிலிருக்கும் கரும்பை எறிந்துவிட்டு வேப்பங்காயைச் சுவைப்பதாகும். இத்தவறு நம்மவரிடத்து மட்டும் உள்ளதன்று. ஈஸ்ட்வுட் நடித்து 1966-இல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' 1862-ஆம் ஆண்டுக் கதையாகும். அதிற் காணும் சுழல் துப்பாக்கிகளோ அக்காலத்திற்குப் பின்னரே வழங்கிய உலோகத் தோட்டா வகையைச் சார்ந்தவை.

படப்பிடிப்பில் துப்பாக்கி விளையாட்டுப் பொருளாதலும் எளிதன்று. குண்டில்லா வெற்றுத் தோட்டாவும் ஆளைக் கொல்லும். 1993-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் 'தி க்ரோ' படப்பிடிப்பில், முன்னரே குழலிற் சிக்கியிருந்த குண்டொன்றை வெற்றுத் தோட்டாவின் மருந்து உந்தித் தள்ள, நடிகர் பிராண்டன் லீ உயிர் துறந்தார். 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் 'ரஸ்ட்' படப்பிடிப்பில், நடிப்புத் துப்பாக்கியில் மெய்த்தோட்டா இருந்தமையால், ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் அம்மையார் மாண்டார். நம் நாட்டிலோ, நகையும் கொடுமையும் விரவிய வேடங்களிற் புகழ்பெற்ற எம்.ஆர். இராதா, 1967-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் இராமாவரம் இல்லத்தில் எம்.ஜி.ஆர். அவர்களை மெய்யாகவே சுட்டார். எம்.ஜி.ஆர். உயிர் பிழைத்தார், குரல் மட்டும் முன்போல் மீளவில்லை. நடிப்புக்கும் மெய்ம்மைக்கும் இடையே உள்ள சுவர் எத்துணை மெல்லியது என்பதற்கு இவை சான்றாவன.

இனி, படக்கொட்டகையை விட்டு ஜவ்வாது மலைக்கு வருவோம். மலைக்காட்டான் என்றாலே தோளில் துப்பாக்கியை மாட்டிவிடுதல் படக்காரர் வழக்கமாதலின், மெய்யான மலையில் அத்துப்பாக்கியின் வரலாறு யாதென அறிதல் கடனாகும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களிற் பரந்து கிடக்கும் இம்மலையில், ஜமுனாமரத்தூரை நடுவிடமாகக் கொண்டு மலையாளிகள் என்னும் பழங்குடியினர் சாமை முதலியன விளைத்து வாழ்கின்றனர். இதன் அடியிலுள்ள செங்கமே, மலைபடுகடாம் பாடும் நன்னனது செங்கண்மா என்பர் ஆராய்ச்சியாளர். அந்நூலில், புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிக் குறவர் வைத்த கற்பொறிகளிற் சிக்காதிருக்குமாறும், பரண்மேல் இருப்போர் கவணால் எறியும் கல்லுக்கு விலகிச் செல்லுமாறும் கூத்தர்க்கு எச்சரிக்கை கூறப்படுகின்றது. கற்பொறியும் கவணும் செய்த தொழிலையே பின்னாளில் நாட்டுத் துப்பாக்கி ஏற்றது. அது வேட்டைக்கும் பயன்பட்டது என்பதை யாம் மறைக்கவில்லை. ஆயினும் அதன் முதல் வேலை காவலே, களவன்று.

1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர், அதற்குரிய சிறை 2 ஆண்டிற்குக் குறையாது, 5 ஆண்டுவரை நீளும். அண்மை ஆண்டுகளில் உரிமமில்லாத் துப்பாக்கிகளைத் தாமே ஒப்படைக்குமாறு காவல்துறையினர் ஊர்தோறும் அழைப்பு விடுத்தனர். மலைமக்கள் பலர் ஒப்படைத்தும் விட்டனர். அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்து, செப்பனிட்டாலும் சுடவியலாத பழந்துப்பாக்கிக்கு விலக்கு அளிக்கின்றது. சுடாத துப்பாக்கி கலைப்பொருளாகின்றது. சுடும் துப்பாக்கி குடியானவனைச் சிறைக்கு அனுப்புகின்றது. சட்டம் தன் வழியே செல்லட்டும். பன்றியோ சட்டம் அறியாது. துப்பாக்கியைப் பெற்றுக்கொண்ட அரசு, புனத்திற்கு வேறு காவலும், அழிந்த விளைவுக்கு உரிய காலத்தில் இழப்பீடும் அளித்தலே நீதியாகும்.

மற்றொன்றும் உளது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றோர் என்று கூறி, தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேரைக் காவற்படையினர் சுட்டுக் கொன்றனர். தம்மைக் கல்லாலும் அரிவாளாலும் தாக்கினர் என்பது அப்படையினர் கூற்று. மாண்டோருள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். விலங்கு, கள்வர், அரசன் எனத் தொல்காப்பியனார் எண்ணிய அச்சங்கள் மூன்றும் ஒரு மலைக்குடியைச் சூழ்ந்து நிற்பதை ஈண்டுக் காண்கின்றோம். புனத்திற் பன்றி, கூலி காட்டி அழைக்கும் கடத்தற்காரன், எல்லைக்கப்பால் அரசின் குண்டு. இத்தகைய மக்களைத் துப்பாக்கி ஏந்திய முட்டாள்களாகப் படத்திற் காட்டிக் கொட்டகையை நகைக்கச் செய்தல், எளியோரை எள்ளும் நகையேயன்றி வேறன்று.

"படம் ஒரு பொழுதுபோக்கு; அதில் இத்துணை ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் வினவக் கூடும். நகை வேண்டா என்று யாம் கூறினோமில்லை. வலியோனது செருக்கைக் கண்டு நகைத்தல் அறத்தின்பாற் படும். துப்பாக்கி ஏந்தியவுடன் தன்னை வேந்தனாகக் கருதும் ரவுடியை எத்துணை எள்ளினும் தகும். குண்டு பாய்ந்தவனைக் கண்டு நகைத்தலே தகாதது. அன்றியும், சமவெளியில் வாழும் நம்மவருட் பலர் ஒரு முறையேனும் ஜமுனாமரத்தூர் சென்றவரல்லர். மலைமக்களைப் படத்திலேயே காண்கின்றனர். படம் புகட்டிய எண்ணமே நாளை அலுவலகத்தில் அவர்தம் மனுவைப் படிக்கும்; வழக்குமன்றத்தில் அவர்தம் சொல்லை எடைபோடும்.

ஆதலின் படம் எடுப்போர்க்கு எம் வேண்டுகோள் மூன்று. துப்பாக்கி அக்கதையின் ஆண்டிற்கும் தன் இயல்பிற்கும் ஒத்திருத்தல் வேண்டும். நடிப்பதற்கென வைத்தது எவ்வாற்றானும் ஓருயிரையும் கொல்ல இயலாததாதல் வேண்டும். மலைமகன் தோளில் அதனை மாட்டுமுன், அஃது ஏன் ஆங்கு வந்தது என்பதை ஒரு காட்சியிலேனும் உரைத்தல் வேண்டும். சாமையும் தேனும் விளையும் அம்மலையில், விண்மீன்களை ஆராயும் காவலூர் வானாய்வு நிலையமும் உளது. படம் பிடிக்கத்தக்கவை துப்பாக்கியன்றிப் பிறவும் பல.

வாட்கள் உழுபடைகளாக உருமாறும் நாளை ஏசாயா தீர்க்கர் முன்னுணர்ந்து உரைத்தார். அந்நாள் வருந்துணையும், மெய்த்துப்பாக்கிகள் குறைந்து நடிப்புத் துப்பாக்கிகளே எஞ்சுக. அவற்றைக் கண்டு எழும் நகையும் எளியோரைச் சுடாதிருப்பதாக.