விளக்கை அணைக்கும் தொண்டு

கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரையில் இருக்கிறது டோர்டுகெரோ. சாலை கிடையாது; படகிலோ சிறு விமானத்திலோதான் போக வேண்டும். சுமார் 35 கி.மீ. நீளும் அதன் கடற்கரைக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் முட்டையிட வருகின்றன. தொண்டர்களும் வருகிறார்கள், சொந்தச் செலவில்.

பகலில் நண்பர்களோடு படகேறினால் கால்வாய் ஓரங்களில் குரங்குகள், முதலைகள். கடலில் நீந்தும் ஆசை மட்டும் ஆபத்து. நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

இரவு ஆமைகளுடையது. கறுப்பு உடை, மங்கலான சிவப்பு விளக்கு. கேமராவுக்குத் தடை. கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டு மிரண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். அது குழி தோண்டி முடிக்கும்வரை தொண்டர்கள் இருட்டில் காத்திருக்கிறார்கள். பிறகுதான் வேலை: நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை எண்ணுவது, ஓட்டின் நீளத்தை அளப்பது, துடுப்பில் எண் வில்லை மாட்டுவது.

அமெரிக்க விஞ்ஞானி ஆர்ச்சி கார் 1955-ல் தொடங்கிய பணி இது. அன்று ஆமை பிடிப்பது ஊராரின் பிழைப்பு. 1975-ல் தேசியப் பூங்கா வந்தது. இன்று ஆமையைக் காட்டுவது பிழைப்பு.

இரவில் கண்டதற்கு அத்தாட்சியாகத் தொண்டரிடம் ஒரு படம்கூட இருக்காது. பதிவேட்டில் ஓர் எண் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அதே ஆமை கரையேறினால் இன்னொரு தொண்டர் அதைப் படிப்பார்.