சொல் அறிந்தோம், பொருள் அறிந்தோமா?

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை. முதலாண்டுத் தம்பி ஒருவன் கையில் ஒரு விண்ணப்பத் தாளுடன் என் விடுதி அறை வாயிலில் தயங்கி நின்றான். தமிழ் வழியிற் பயின்று, முதன்முறையாக ஊரை விட்டுக் கொல்கத்தாவுக்கு வந்தவன்.

"அண்ணா, இணைப்புக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் ஏதோ சொல்கிறார்கள், எனக்கு விளங்கவில்லை" என்றான்.

பாடக் குறிப்புகளும் பயிற்சிக் கணக்குகளும் இணையத்தின் வழியேதான் வருகின்றன. பத்து நாட்களாக அவன் பிறர் அறைகளில் நின்று அவற்றைப் பார்த்து எழுதி வந்திருக்கிறான். உதவி கேட்க வெட்கம். தன் ஆங்கிலம்தான் குற்றவாளி என்று அவனே தீர்ப்பும் கூறிக்கொண்டான்!

தாளில் 'மேக் முகவரி' என்றோர் இடம். "மேக் என்றால் என்ன, அண்ணா?" என்று கேட்டான். பௌதிகத்தில் முதுகலை பயிலும் நான், மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை உறக்கத்திலும் ஒப்பிக்கும் நான், வாயடைத்து நின்றேன். நாள்தோறும் வழங்கும் சொல், பொருள் தெரியவில்லை.

அன்றிரவே தேடிப் படித்தேன். பல கருவிகள் ஒரே காற்றுவெளியைப் பங்கிட்டுப் பேசுகின்றன. எது எப்போது பேசுவது என்ற ஒழுங்குக்கு 'ஊடக அணுகல் கட்டுப்பாடு' என்று பெயர். அதன் ஆங்கிலச் சுருக்கமே மேக். அந்த ஒழுங்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் 12 இலக்க எண்ணே மேக் முகவரி. தொழிற்சாலையிலேயே ஓர் எண் இடப்படுகிறது. ஆனால் 2019, 2020-க்குப் பின் வந்த கைபேசிகள் பல, தம் உரிமையாளரை யாரும் பின்தொடராதபடி, வலையமைப்புக்கு ஒன்றாகப் புனை எண் காட்டுகின்றன. தம்பி எழுதியது தொழிற்சாலை எண். அவன் கைபேசி சொன்னதோ புனை எண். வாயிற்காவலன் எப்படி உள்ளே விடுவான்? கைபேசி அமைப்பில் ஒன்றை மாற்றினோம். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்காக ஒரு மாணவன் பத்து நாட்களை இழந்தான். அவனுடைய ஆங்கிலமா காரணம்? பொருள் சொல்ல ஆளில்லாமையன்றோ காரணம்!

ஆங்கிலச் சொல்லுக்குள் ஏதோ பேரறிவு ஒளிந்திருப்பதாக நாம் அஞ்சுகிறோம். 'வைஃபை' என்பது 1999-இல் வாணிகத்துக்காக ஒரு பெயர்சூட்டும் நிறுவனம் ஆக்கித் தந்த பெயர். எதன் சுருக்கமாகவும் அது பிறக்கவில்லை. 'புளூடூத்' என்பதோ பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னனின் பட்டப்பெயர். ஆங்கிலம் கரைத்துக் குடித்தவனும் இப்பெயர்களிலிருந்து பொருளைப் பெற முடியாது. நம் 'அருகலை' என்ற சொல்லோ, அருகில் பரவும் அலை எனத் தானே பேசுகிறது.

ஆயினும், சொல்லை மாற்றினால் போதும் என்று வாதாட நான் வரவில்லை. 'ரூட்டர்' என்பதற்குப் பதில் 'திசைவி' என்று மனப்பாடம் செய்வதால் என்ன பயன்? செய்தித் துண்டுகளை முகவரி பார்த்து உரிய வழியில் அனுப்பும் அஞ்சல் நிலையம் அது என்று சொல்லுங்கள். பிறகு எப்பெயரால் அழைத்தாலும் விளங்கும்.

பொருள் தெரிந்தால் பயனும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 6 சென்டிமீட்டர். முன்னது சுவர் கடந்து தொலைவு செல்லும், ஆனால் அங்கே நெரிசல் மிகுதி. பின்னது விரைவு மிக்கது, ஆனால் சுவர்களுக்கு முன் தளரும். கதவடைத்த அறையில் எதைத் தேர்வது என்பது இப்போது விளங்கவில்லையா? '100 மெகாபிட்' என்று கடைக்காரர் சொன்னால், 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது, ஏமாறவும் மாட்டீர்கள்.

நாம் வாழும் இந்நகரிலேதான் 1895-இல் ஜகதீச சந்திர போஸ், கம்பியின்றிச் சுவரை ஊடுருவிய அலையால் மணியை ஒலிக்கச் செய்தார். அவரே தம் வங்க மொழிக் கட்டுரைகளை 1921-இல் நூலாகவும் தந்தார். அலையை ஆண்டவருக்குத் தாய்மொழி தாழ்வாகத் தோன்றவில்லை; நமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அவற்றோடு, கல்வியாண்டு தொடங்கும் முதல் ஞாயிறு மாலையைப் புதிய தம்பி தங்கையருக்கு ஒதுக்குவோம். கரும்பலகையில் ஐந்து சொற்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கம். எந்தக் கேள்விக்கும் சிரிப்பில்லை என்ற உறுதி. விளக்கத் திணறும் மூத்தவர் அன்றிரவே படித்து வரட்டும், நான் படித்தது போல.

முதற் சொல்லுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.