சந்தை தீர்ப்புச் சொன்னதாம்!

உலக வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறவர்களிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. இங்கிலாந்தில் இயந்திரம் வந்தது, துணி மலிந்தது, கிழக்கே தறிகள் ஓய்ந்தன. யாரையும் நோவதற்கில்லை, சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாரசீகத்துக்கு வரும்போது இந்தக் கதைக்குக் கூடுதல் மசாலா சேர்கிறது. ஆடம்பரப் பித்துப் பிடித்த ஷா, பழமையை விடாத பஜார், 1908இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிடும்வரை உறங்கிக் கிடந்த நாடு. இப்படி எழுதிவிட்டால் விளக்கம் முடிந்தது, யாருடைய மனசாட்சியும் உறுத்தாது.

இந்தக் கதை பொய். 1900ஐ ஒட்டிய பாரசீகத்தில் சந்தை எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை; சொல்வதற்கு அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது, உடன்படிக்கைகளிலும் கடன் பத்திரங்களிலும் சுங்கப் பட்டியல்களிலும். துணியும் புகையிலையும் அதற்குச் சாட்சி.

முதலில் துணி. 1828இல் ரஷ்யாவிடம் போரில் தோற்ற பாரசீகம் துர்க்மன்சாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ரஷ்யச் சரக்குக்கு மதிப்பில் 5 சதவீதம் சுங்கம், அதுவும் ஒரே ஒரு முறை; அதற்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாது. 1841இல் பிரிட்டனும் இதே சலுகையைப் பெற்றுக்கொண்டது. உள்நாட்டு வணிகரின் நிலை என்ன? அந்த நூற்றாண்டின் கடைசிவரை அவர் ஊருக்கு ஊர் வழிவரி கட்டினார். இஸ்ஃபஹானிலிருந்து தப்ரீஸுக்குப் போன உள்நாட்டு மூட்டை வழியெல்லாம் இளைத்தது. மான்செஸ்டர் சீட்டித் துணி கொழுத்தபடியே போய்ச் சேர்ந்தது. வரியிலிருந்து தப்ப ரஷ்யப் பாதுகாப்பைத் தேடிக்கொண்ட பாரசீக வணிகர்களும் இருந்தார்கள். சொந்த நாட்டில் வியாபாரம் செய்ய அயல்நாட்டுக் கொடியின் நிழல் தேவைப்பட்டது. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி நிறுக்கிற கடையில் எடை குறைந்தால் பொருளைக் குறை சொல்வதா, கடைக்காரனைக் கேட்பதா?

தாராள வணிகத்தின் மகிமை பாடுகிறவர்கள் ரஷ்யா செய்ததையும் பார்க்க வேண்டும். 1883இல் காக்கேசியா வழியாக ஐரோப்பியச் சரக்கு பாரசீகத்துக்குப் போவதை அது அடைத்தது. ஏற்றுமதியாகும் தன் பருத்தித் துணிக்குச் சுங்கத் தொகையைத் திருப்பிக் கொடுத்து விலையைச் செயற்கையாக இறக்கியது. 1890இல் பத்தாண்டுகளுக்குப் பாரசீகத்தில் யாரும் ரயில்பாதை போடக் கூடாது என்று ஷாவிடம் உறுதி வாங்கியது. 1900இல் அதை இன்னும் பத்தாண்டு நீட்டியது. உலகமே தண்டவாளத்தில் ஓடிய காலத்தில் இருபதாண்டுகள் ஒரு நாட்டின் சரக்கு ஒட்டகத்தின் முதுகிலேயே போக வேண்டும் என்று பக்கத்து நாடு தீர்மானித்தது. பாரசீகப் பருத்தி மூட்டை மூட்டையாக வடக்கே போனது, ரஷ்யத் துணியாகத் திரும்பி வந்தது. முதல் உலகப் போருக்கு முன் பாரசீகத்தின் அயல் வணிகத்தில் பாதிக்கு மேல் ரஷ்யாவின் கையில் இருந்தது. இந்தப் பாதியில் ‘சந்தை’ எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். இயந்திரத் துணி மெய்யாகவே மலிவு. உடன்படிக்கை ஒன்றும் இல்லாதிருந்தாலும் கைத்தறி ஓரளவு சுருங்கியிருக்கும். ஆனால் ‘பாரசீகத் தொழிலாளி காலத்துக்கேற்ப மாறத் தெரியாதவன்’ என்ற அடுத்த வரியை ஏற்க முடியாது. கெர்மானின் சால்வைக்குக் கிராக்கி சரிந்தபோது அதே நெசவாளர்கள் கம்பளத் தறிக்கு மாறினார்கள்; சில பத்தாண்டுகளில் கெர்மான் கம்பளம் உலகப் பெயராயிற்று. மான்செஸ்டரில் தலைமையகம் கொண்ட சீக்லர் நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. ஆங்கிலத் துணியைப் பாரசீகத்தில் விற்க வந்த நிறுவனம் அது. வெள்ளி விலை சரிந்ததால் பாரசீக நாணயமான கிரானின் மதிப்பும் சரிந்தது. 1870களில் ஒரு பவுனுக்குச் சுமார் 25 கிரான் என்றிருந்தது நூற்றாண்டின் இறுதியில் 50ஐ எட்டியது. விற்ற பணத்தைக் கிரானாக ஊருக்கு அனுப்பினால் நட்டம். ஆகவே அந்த நிறுவனம் 1880களில் சுல்தானாபாதில் கால் ஊன்றி, கம்பளம் நெய்வித்து மேற்கே அனுப்பியது. துணி விற்கிறவனே தன் லாபத்தை ஊர் கொண்டுசேர்க்கப் பாரசீகத் தறியை நம்ப வேண்டியதாயிற்று. அந்தத் தறிகள்தான் செத்துவிட்டதாகப் பாடம் நடத்துகிறார்கள்!

இனிப் புகையிலை. ‘இயந்திரம் வென்றது’ என்ற வாதத்தைப் புகையிலை முற்றாக உடைக்கிறது. ஏனென்றால் இங்கே போட்டிக்கு இயந்திரமே இல்லை. ஹூக்காவுக்கான தம்பாக்கு ஷிராஸ், இஸ்ஃபஹான், காஷான் வட்டாரங்களில் விளைந்து உஸ்மானிய நாடுகள்வரை போய் விற்றது. உழவருக்கு முன்பணம் கொடுத்தவரும், தரம் பார்த்து வாங்கியவரும், மூட்டை கட்டி அனுப்பியவரும் உள்ளூர் வணிகர்களே. திறமைக் குறைவு என்று யாரும் புகார் சொல்லாத தொழில் அது. 1890 மார்ச்சில் நாசிருதீன் ஷா அந்தத் தொழில் முழுவதையும், வாங்குவது, விற்பது, ஏற்றுமதி செய்வது எல்லாவற்றையும், மேஜர் டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு 50 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்டு வாடகை 15,000 பவுன், கூடவே நிகர லாபத்தில் கால் பங்கு. இதே போன்ற உரிமைக்கு உஸ்மானிய அரசு ஆண்டுக்கு 6 லட்சம் பவுனுக்கும் மேல் பெற்றுவந்தது. இஸ்தான்புல்லில் அச்சான ‘அக்தர்’ என்ற பாரசீக இதழ் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியபோது பஜார் கொதித்தது. மலிவான பொருளோடு வந்து வெல்கிற போட்டியாளன் இங்கே யார்? ஒரு தாள், ஒரு முத்திரை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இன்னொரு சோம்பேறி விளக்கமும் நுழைகிறது. 1891 டிசம்பரில் சமாராவிலிருந்து ஷியா மதத் தலைவர் மிர்ஸா ஹசன் ஷிராஸியின் பெயரில் புகையிலைத் தடைக் கட்டளை வந்தது, மக்கள் ஹூக்காவைக் கீழே வைத்தார்கள், ஷா பணிந்தார், எல்லாம் மத வெறி என்பது அது. ஆனால் அந்தக் கட்டளைக்கு மாதங்கள் முன்பே ஷிராஸிலும் தப்ரீஸிலும் கடையடைப்பும் கிளர்ச்சியும் நடந்துவிட்டன. அவற்றின் முதுகெலும்பு புகையிலை வணிகர்கள். கட்டளை அவர்கள் மூட்டிய நெருப்புக்குக் காற்று. தங்கள் தொழிலின் கணக்கைத் தெளிவாகப் போட்டவர்களை வெறியர்கள் என்பது அவர்கள் அறிவைக் கொள்ளையடிப்பது.

1892 ஜனவரியில் குத்தகை ரத்தாயிற்று. வெற்றி என்று வரலாறு முரசு கொட்டுகிறது. கணக்கைப் பாருங்கள். டால்பட்டின் குத்தகையை நடத்திய நிறுவனத்துக்கு இழப்பீடு 5 லட்சம் பவுன். ஷா வாங்கவிருந்த வாடகையில் இது 33 ஆண்டுத் தொகை. கையில் காசில்லாத அரசு அதைப் பிரிட்டிஷாரின் இம்பீரியல் வங்கியிடம் 6 சதவீத வட்டிக்கு வாங்கியது. ஆண்டு வட்டி மட்டும் 30,000 பவுன். வர வேண்டிய வாடகையைப் போல் இரு மடங்கு. பாரசீகத்தின் முதல் அயல்நாட்டுக் கடன் இது. ஈடாக வைத்தது வளைகுடாத் துறைமுகங்களின் சுங்க வருவாய். குத்தகை போனது, சுங்கச் சாவடிக்குள் அந்நியன் கால் வைத்தான்.

அடுத்த அடி அங்கிருந்தே விழுந்தது. நாசிருதீனுக்குப் பின் ஆண்ட முசாபருதீன் ஷாவின் அரசு 1900இல் ரஷ்யாவிடம் 2.25 கோடி ரூபிள் கடன் வாங்கியது. ஷாவின் ஐரோப்பியப் பயணச் செலவும் அதில் அடக்கம். இம்முறை ஈடு வளைகுடாப் பகுதி தவிர்த்த பிற சுங்கங்கள். சுங்கத் துறையை நடத்தியவர் ஜோசப் நாவுஸ் என்ற பெல்ஜியர். அவர் ரஷ்யாவோடு பேசி முடித்த புதிய சுங்கப் பட்டியல் 1903இல் நடைமுறைக்கு வந்தது. ரஷ்யச் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் சலுகை, இந்தியத் தேயிலைக்குக் கடும் வரி. உள்நாட்டுத் தறியைக் காக்கும் எண்ணம் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. தப்ரீஸில் கடைகள் மூடப்பட்டன.

உறங்கிக் கிடந்ததாகச் சொல்லப்பட்ட பஜார் இந்த ஆண்டுகளில் என்ன செய்தது? ரஷ்தில் அமீனுஸ் ஸர்ப் என்ற பெருவணிகர் பட்டு நூற்பாலை நிறுவினார். தெஹ்ரானில் ஸனீ உத்தவ்லா நூற்பாலை தொடங்கி, இறக்குமதிச் சரக்கின் முன் நிற்க முடியாமல் தோற்றார். 1906இல் அரசியல் சட்டப் போராட்டம் பெற்றுத்தந்த முதல் நாடாளுமன்றத்தின் சபாநாயகர் ஆனவர் இவரே. இஸ்ஃபஹான் வணிகர்கள் உலமாக்கள் என்ற மத அறிஞர்களின் துணையோடு ‘ஷிர்கத்தே இஸ்லாமியா’ என்ற சுதேசித் துணிக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதை ஆதரித்து எழுதிய ஏடுகளில் ஒன்று நம் கல்கத்தாவில் அச்சான ‘ஹப்லுல் மதீன்’. 1907 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தின் நெருக்கடியால் நாவுஸ் பதவி இழந்தார். துணியும் சுங்கமும்தான் அரசியல் சட்டத்துக்கான போராட்டத்தின் பாதி என்பதை அன்றைய வணிகர் அறிந்திருந்தார். இன்றைய விளக்கக்காரர் மறந்துவிட்டார்.

கடைசிச் சான்று காலம் தந்தது. 1928இல் அயல்நாட்டார் சலுகைகள் ஒழிந்தன. பாரசீகம், அதாவது ஈரான், தன் சுங்கத்தைத் தானே விதிக்கும் உரிமையைப் பெற்றது. 1931இல் அயல் வணிகம் அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் இஸ்ஃபஹானில் ஆலைமேல் ஆலை எழுந்தது. ‘ஈரானின் மான்செஸ்டர்’ என்று ஊர் பெயர் வாங்கியது. அதே மண், அதே பருத்தி, அதே மக்கள். மாறியது சுங்கப் பட்டியலை எழுதிய கை.

அப்படியானால் சொந்தக் கை எல்லாம் நல்ல கையா? இல்லை. புகையிலைக்கு 1929இல் மறுபடியும் ஏகபோகம் வந்தது, இம்முறை ரெசா ஷாவின் அரசே நடத்தியது. டால்பட்டிடம் மறுத்ததை உழவரும் வணிகரும் தெஹ்ரானிடம் மறுக்க முடியவில்லை. என் வாதத்துக்கு இது தடையல்ல, வலு. விதியை எழுதுகிறவர் அந்நியரானாலும் உள்ளூராரானாலும், விலையையும் பிழைப்பையும் நிர்ணயிப்பது அந்த விதிதான். அதை எழுதியவர்களுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, கையெழுத்து உண்டு. அவர்களைக் கூண்டில் ஏற்றாமல் ‘சந்தை’ என்ற முகமில்லாத நீதிபதியைக் காட்டுகிற வரலாறு, குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறது.