பாடி கட்டும் கைகள்

எண்ணூர் நெடுஞ்சாலையில் எஞ்சினும் சக்கரங்களும் ஓட்டுநர் இருக்கையும் மட்டுமாய், கூரையின்றி ஓடும் சேஸிஸ் வண்டிகளை நாம் அறிவோம். அவை கரூர் போன்ற ஊர்களின் பட்டறைகளை அடைந்து, 'பாடி' கட்டப்பட்ட பிறகே பஸ்ஸாக மாறுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்கு முன் உயர்ந்த ரகக் கார்களின் கதையும் இதுவே. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் அன்று எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டுமே விற்றது. வாங்கியவர் அதை லண்டனிலிருந்த பார்க்கர், ஹூப்பர் முதலிய பட்டறைகளுக்கு அனுப்பித் தம் விருப்பப்படி பாடி கட்டிக்கொண்டார். தச்சர் மரத்தால் எலும்புக்கூடு அமைப்பார். கொல்லர் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்துப் போர்த்துவார். பெயிண்டர் பூச்சின்மேல் பூச்சாய்த் தேய்த்து மெருகேற்றுவார். நம் நாட்டு மன்னர்கள் வேட்டைக்கென்றும் கார்கள் செய்வித்தனர். அரசியர் வெளியே தெரியாதபடி திரையிட்ட கார்களும் இருந்தன!

நம் சென்னைக்கும் இக்கலை புதிதன்று. 1840இல் தோன்றிய சிம்சன் கம்பெனி முதலில் குதிரை வண்டிகளைக் கட்டியது; 1903இல் நீராவிக் காரையே செய்து ஓட்டிக் காட்டியது.

பின்னர் இரும்புத் தகட்டை இயந்திரத்தில் ஒரே அழுத்தாய் அழுத்தி பாடி செய்யும் முறை பரவியது. பழைய பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இதற்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. அந்தக் கார்கள் செல்வருக்கே உரியவை. ஆலைகளோ பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டன. 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கில் பொன்னிறக் கோட்டைக் கையாலேயே தீட்டினர்.

நம்மை வருத்துவது வேறொன்று. பழைய கார்களில் பட்டறை முதலாளியின் பெயர் பித்தளைத் தகட்டில் மின்னுகிறது. தகட்டைத் தட்டியவர் பெயர் எங்கும் இல்லை. இன்றும் நம் தோழியர் சிலர், தந்தையின் தொழிலைக் கேட்டால், "கம்பெனியில் வேலை" என்று தலைகுனிந்து முடித்துவிடுகின்றனர். டிங்கர், பெயிண்டர், குஷன் தைப்பவர் என்று சொல்ல ஏன் கூச வேண்டும்? நம் ஆண்டவர் வளர்ந்ததும் தச்சர் இல்லத்தில் அன்றோ! திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளாக்கியதும் இவ்வுண்மையை உணர்த்தவே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொழிற்பயிற்சி நிலையங்கள் பெண்களுக்கும் திறந்தே இருக்கின்றன. 2023இல் ஓசூரில் அசோக் லேலண்ட் முழுதும் பெண்களே வேலை செய்யும் உற்பத்திப் பிரிவைத் தொடங்கியது. திரைக்குப் பின்னே அமர்ந்து சென்ற காலம் போய், வண்டியையே செய்யும் காலம் வந்துவிட்டது. ஆகவே, "அது ஆண்கள் வேலை" என்று தடுக்காதீர்கள்.

அன்னையரே, சகோதரிகளே! ஆண்டுதோறும் சூசையப்பர் திருநாளையொட்டி ஒரு நாள், இவ்வட்டாரத்துக் கைவினைஞர்களை, நம் தந்தையரையே, பள்ளி மேடைக்கு அழையுங்கள். அவர்கள் கருவிகளோடு வந்து தம் தொழிலை விளக்கட்டும். அவர்கள் பெயர்களை நாம் உரக்க வாசிப்போம்.