மூணு நாள் மூலிகை

மைனிக்குக் கழுத்தில் அரிப்பு. வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் பச்சை டப்பாவில் களிம்பு விற்றார். டப்பா மேல் இலைப் படம். (ஒரே இலைதான், கட்சி சம்பந்தமில்லை!) "மருந்துவாழ் மலை மூலிகை அம்மா" என்றிருக்கிறார். அனுமார் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டுதான் அது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அனுமார் பெயரைச் சொன்னால் மைனி பேரம் பேச மாட்டாள்.

மூன்றே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. அதோடு விட்டாளா? ஒன்றரை வயசுப் பேத்திக்குக் கன்னத்தில் தடிப்பு. அதற்கும் இரண்டு வேளை தடவல். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும்; மறுபடி தடவுவாள். இரண்டு மாதத்தில் குழந்தையின் கன்னம் கண்ணாடிக் காகிதம் மாதிரி மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்தது.

நாகர்கோவிலில் தோல் டாக்டரிடம் ஓடினோம்.

"மூணே நாள்ல சரியாயிட்டு டாக்டர்" என்றாள் மைனி, பெருமையாக.

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர்.

ஸ்டீராய்டு கலந்திருப்பார்களோ என்று சந்தேகம் அவருக்கு. சோதனைச் சாலைக்கு அனுப்பாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தோல் சொல்கிறதே! லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்து 1999-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்ன'லில் எழுதினார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன்! 2003-ல் வெளியான பர்மிங்காம் ஆய்வில் 24-க்கு 20-ல் ஸ்டீராய்டு. பி.காம். பாஷையில் சொன்னால், கணக்கில் காட்டாத சரக்கு.

டாக்டர் எழுதிக் கொடுத்து அளவாகத் தடவினால் ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். ஆனால் அது அடக்கும், வேரோடு தீர்க்காது. படர்தாமரையில் தடவிப் பாருங்கள்: மேலே அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை ஜோராகப் பரவும். குழந்தைகளுக்குத் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து வளர்ச்சியையே பாதிக்கலாம். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத டப்பாவுக்கு ஏது சீட்டு? எங்கள் ஊர் ஆசான்கள் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தால் ஒரு மண்டலம் பத்தியம் சொல்வார்கள். மூணு நாள் கெடு எந்த ஆசானும் சொல்லி நான் கேட்டதில்லை.

குழந்தையின் கன்னம் மெல்லத் தேறி வருகிறது. மைனிக்குத்தான் ஆறவில்லை. "பாதி டப்பா அப்படியே இருக்கு தம்பி, கொடுத்துட்டு காசை வாங்கிட்டு வா" என்று என்னை விரட்டினாள். போனேன். ஆளைக் காணோம். பக்கத்துப் பழக்கடைக்காரர் சொன்னார்:

"அவரா? களியக்காவிளைப் பக்கம் போயிட்டாரே. அங்க நல்ல ஓட்டமாம்!"