ராடுல மிச்சம் பிடிங்க, கைடுல பிடிக்காதீங்க

மாலத்தீவுக்கு ஃப்ளை ஃபிஷிங் போகணும்னு ஆசைப்படுற ஒரு ஐடி நண்பர், பட்ஜெட் ஷீட் ஒண்ணை அனுப்பி "பார்த்துச் சொல்லுங்க ப்ரோ"ன்னு கேட்டார். மொத்தம் 1,80,000 ரூபாய். அதில் ராடு, ரீல், லைன் வாங்கவே 70,000. கைடோட படகுல போறதுக்கு ஒரே ஒரு நாள். பணத்துக்கு வழி, பர்சனல் லோன்.

போகாதீங்கன்னு சொல்வேன்னு எதிர்பார்த்திருப்பார். தாராளமா போகட்டும். ஆனா இந்த ஷீட்டைத் தலைகீழா மாத்திட்டுப் போகணும்.

ஃப்ளை ஃபிஷிங்ல தூண்டில் முனையில் இருக்கிறது இறகும் நூலும் வெச்சுக் கட்டின பொய் இரை. அதுக்கு எடையே கிடையாது. கனமான லைனைச் சுழற்றித்தான் எறியணும். முழங்கால் தண்ணியில் நின்னு, மீனைக் கண்ணால பார்த்து, அதுக்கு முன்னாடி போய் விழுற மாதிரி போடணும். ராட்சதப் பாரை எந்த நேரம் மேட்டுக்கு ஏறும், கிளாத்தி எந்தத் திட்டுல மேயும்னு தெரிஞ்சவர் கைடு. அவரை ஒரே நாளைக்கு வெச்சு, அன்னைக்குப் பார்த்து காத்து அடிச்சா மொத்த ட்ரிப்பும் போச்சு. குறைஞ்சது 3 நாள் வைங்க. ராடு வாடகைக்குக் கிடைக்குமான்னு அவர்கிட்டயே கேளுங்க. வாங்கியே ஆகணும்னா 9-வெயிட் ஒண்ணு போதும். பெரிய பாரைக்கான 12-வெயிட்டை வாடகைக்கு எடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி சில வாரம், ஏதாவது மைதானத்துல எதிர்காத்துல லைன் எறிஞ்சு பழகுங்க. அங்க போய்ப் பழகினா, கைடுக்குக் கொடுத்த காசுல பழகுறீங்கன்னு அர்த்தம்.

அடுத்து தேதி. லாங் வீக்கெண்ட் பார்த்து டிக்கெட் போடுறது நம்ம வியாதி. அங்க வறண்ட காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மே வாக்குல தென்மேற்குப் பருவமழை வந்துடும். அதுக்குள்ள எந்த வாரம்னு அமாவாசை, பௌர்ணமி, ஓதம் பார்த்து கைடு சொல்லட்டும். மேனேஜர்கிட்ட லீவு கேட்கிறது அதுக்கப்புறம். (மார்ச்ல எங்க ஆட்களுக்கு வாய்ப்பே இல்ல, விடுங்க.)

ரூம் வாடகை பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி இருந்தா உஷார். 10% சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 17% ஜிஎஸ்டி. 100 டாலர் ரூம் சுமார் 129 டாலர் ஆயிடும். தனியா க்ரீன் டாக்ஸ் வேற: சின்ன கெஸ்ட் ஹவுஸ்னா ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட்னா 12. சம்பளக்காரங்களுக்கு கெஸ்ட் ஹவுஸே போதும். பகல் முழுக்க தண்ணியில நிக்கப் போறவருக்கு ரூம் எதுக்குப் பெருசா?

இப்ப லோன். 1,80,000 ரூபாயை 14% வட்டிக்கு 24 மாசம் போட்டா இஎம்ஐ சுமார் 8,640; வட்டி மட்டும் 27,000-க்கு மேல. மாசம் 10,000 ஆர்டி போட்டா 18 மாசத்துல அதே பணம் கையில இருக்கும், கொஞ்சம் வட்டியும் சேர்ந்து. இவ்வளவு குறுகிய காலத்துக்கு ஈக்விட்டி ஃபண்டு வேண்டாம். மார்க்கெட் விழுந்தா ஓதம் உங்களுக்காகக் காத்திருக்காது.

இந்திய ஆபரேட்டர்கிட்ட பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025-26-ல இது 10 லட்சம் வரை 5%-ஆ இருந்தது, அதாவது 1,80,000-க்கு 9,000. இதைச் செலவுல எழுதாதீங்க, உங்க வரியோட அட்வான்ஸ்தான். அதுக்கான படிவத்தை ஆபீஸ்ல கொடுத்தா சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ் அந்த அளவுக்குக் குறையும். நண்பருக்கு இது தெரியவே தெரியாது; 9,000-ஐ செலவாவே எழுதி வெச்சிருந்தார்.

அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: காத்தால படகு கிளம்பலைன்னா பணம் திரும்புமா, மாற்று நாள் உண்டா? பதில் எழுத்துல வரட்டும், வாட்ஸ்அப் போதும். வாய்ஸ் நோட் அனுப்பினா, டைப் பண்ணித் தரச் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் பணம் உங்க அக்கவுண்ட்லயே இருக்கட்டும்.