வீட்டு வைஃபைக்குக் கம்பியே கைகொடுக்கும்



நம்மில் பலருக்குக் கீழே கடை, பின்னால் கிட்டங்கி, மேலே வீடு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், பிற வணிகர்களுக்குப் போடும் பில்லை 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸாகப் பதிவு செய்தே தீர வேண்டும். குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் சரக்கு ஏற்றினால் இ-வே பில் இல்லாமல் லாரி கிளம்ப முடியாது. ஆகவே வீட்டில் இண்டர்நெட் படுத்தால் பேரப்பிள்ளைகளின் படிப்பு மட்டுமல்ல, வியாபாரமே நின்றுவிடும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் ரூட்டர் கல்லாப்பெட்டி அருகே இருக்கிறது. கணக்குப் பார்க்கும் மருமகள் இருப்பது மாடியில். எடை போட்டு இ-வே பில் எடுப்பது கிட்டங்கியில். இரண்டு இடத்துக்கும் சிக்னல் எட்டவில்லை. "ஒயரே இழுக்க வேண்டாம், வைத்தால் போதும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபை வாங்கினேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. தீபாவளிச் சரக்கு வந்து, மூட்டைகளும் எண்ணெய் டின்களும் கிட்டங்கியில் கூரை வரை ஏறியதும் சிக்னல் போய்விட்டது. பாரம் ஏற்றிய லாரி இ-வே பில் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் தெருவில் நின்றது. கடைசியில் மருமகள் தன் செல்போன் இண்டர்நெட்டில் எடுத்துக் கொடுத்த பிறகே வண்டி நகர்ந்தது.

காரணம் என்ன? மெஷ் முறையில் ஒரு பெட்டி காற்றில் வாங்கிக் காற்றிலேயே அடுத்த பெட்டிக்கு அனுப்புகிறது. விலை குறைந்தவற்றில் வாங்குவதும் விற்பதும் ஒரே அலையில் நடப்பதால், ஒவ்வொரு பெட்டியிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கை மாறக் கை மாறச் சரக்கின் லாபம் கரைவது நமக்குத் தெரியாததா? இதற்கென்று தனி அலை உள்ள பெட்டிகளும் உண்டு; ஆனால் விலை அதிகம். அவையும் கான்கிரீட் தளத்தையும் இரும்பு ஷட்டரையும் டின் அடுக்குகளையும் தாண்டித்தான் போக வேண்டும்.

கம்பி முறை வேறு. ரூட்டரிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கேபிள் போய், அதன் முனையில் ஆக்சஸ் பாயிண்ட் என்ற பெட்டி உட்காருகிறது. கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும் கவலையில்லை. அதற்குரிய ஸ்விட்ச் வைத்தால் மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும். அந்த ஸ்விட்சுக்கும் ரூட்டருக்கும் ஒரு யு.பி.எஸ். போட்டால், கரண்ட் போனாலும் எல்லாப் பெட்டிகளும் வேலை செய்யும்.

"சுவரை இடிக்க வேண்டுமே, செலவாகுமே" என்பீர்கள். உண்மைதான். வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்களும், இரண்டு மூன்று அறை உள்ள சிறிய வீட்டுக்காரர்களும் மெஷ் வாங்குவதில் தவறில்லை. சொந்தக் கட்டடம் உள்ளவர்களுக்கு என் யோசனை கம்பிதான். ஒருமுறை செலவு, பல ஆண்டு நிம்மதி.

ஏற்கெனவே மெஷ் வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். பல மெஷ் பெட்டிகளின் பின்னால் கேபிள் சொருக இடம் இருக்கிறது. கேபிளில் இணைத்துவிட்டால் காற்றை நம்ப வேண்டியதில்லை. நானும் அதைத்தான் செய்தேன். பழைய பெட்டிகளே இன்று கிட்டங்கி மூலை வரை குறைவில்லாமல் வேலை செய்கின்றன.

இன்னும் சில எச்சரிக்கைகள். நகராத பொருளுக்கு நேரடியாகக் கம்பி கொடுங்கள்: பில் கம்ப்யூட்டர், கேமரா பதிவுப் பெட்டி இவற்றுக்கு வைஃபையே வேண்டாம். கேபிளிலும் கலப்படம் உண்டு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசி விற்கிறார்கள். சுத்தச் செம்பில் ஆன கேட் 6 கேபிள் என்று பார்த்து வாங்குங்கள். மின்சார ஒயர் போகும் குழாயில் அதை நுழைக்காமல் தனிக் குழாய் போடுங்கள்.

புதிதாகக் கடையோ வீடோ கட்டும் உறுப்பினர்கள், பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு தளத்துக்கும் கிட்டங்கிக்கும் ஒரு வெற்றுக் குழாயாவது பதித்துவிடுங்கள். பின்னால் சுவரை உடைக்கும் கூலியைவிடக் குறைவாகவே ஆகும். நம் சங்கமும் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து, மாதக் கூட்டத்தில் இதுபற்றி ஒரு மணி நேரம் விளக்கச் சொன்னால் சிறு வணிகர்களுக்குப் பேருதவியாக இருக்கும். என்னைப் போல் லாரியைத் தெருவில் நிறுத்திவிட்டுப் பாடம் கற்க வேண்டிய அவசியம் மற்றவர்களுக்கு வரக்கூடாது.